அறுபத்து மூன்று பேரை ஒட்டிய கதை

பொன்முடிக்குப் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷங்கள் ஆகியிருக்கும். துபாயில் வேலை பார்த்த என் தம்பி லீவில் வந்தபோது ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்து கொடுத்தான். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு நானும் என் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பானூரில் பஸ் பிடித்துப் பொன்முடி போனோம். மேலே ஒரு பாறையில் நின்றுகொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை உடம்பைத் திருப்பித் திருப்பி மலையை ஆறு படங்களாக எடுத்தேன். கேமராவோடு வந்த சி.டி.யில், துண்டுப் படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. வீட்டுக்கு வந்து ஆறையும் அதில் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினேன். குக்கரில் பருப்பு வேகிற நேரத்துக்குள் மலைத்தொடர் முழுதும் ஒட்டுத் தெரியாமல் ஒரே படமாக வந்து நின்றது.

மலை நகராது. பக்கத்து மலையோடு அதற்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் போவதும் கிடையாது. எங்கேயாவது ஒட்டு பிசகியிருந்தால் அங்கே மூடுபனி இருந்து மறைத்துவிடும். இதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. நமக்கு இந்த வித்தை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள். கிழக்கேகோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் எங்கள் வீடு. தம்பானூரில் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அதனால் வீட்டில் மிக்ஸி நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பொன்முடிப் படத்தை அச்சுப் போட்டுக் கூடத்தில் மாட்டியதும் என் மாமனார் அதன் எதிரே நெடுநேரம் நின்றார். தலைமைச் செயலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தடவை படித்துப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டார்.

"இதே மாதிரி மனுஷாளையும் ஒட்டலாமோ?" என்று கேட்டார்.

"ஒட்டலாமே அப்பா" என்றேன். யோசிக்காமல் சொன்ன அந்த இரண்டு சொல்லுக்கு இரண்டு மாதம் அனுபவித்தேன்.

அவருக்கு எழுபது முடிந்து பீமரத சாந்தி வரவிருந்தது. பம்பாய், கோயம்புத்தூர், சென்னை என்று எல்லா இடத்திலிருந்தும் உறவுக்காரர்கள் வருகிறார்கள். எல்லோரையும் ஒரே படத்தில் பிடித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஸ்டுடியோக்காரர் வந்து தெருவை அளந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அத்தனை பேரையும் பிடிக்க வேண்டுமானால் அவர் எதிர்வீட்டுச் சமையலறைக்குள் போய் நின்று எடுக்க வேண்டுமாம். மூன்று வரிசையாக நிற்க வைத்தால் அடங்கும் என்றார். மாமனார் ஒப்பவில்லை.

"யார் முன்னால, யார் பின்னாலன்னு வந்தா அன்னைக்கே ரெண்டு பேர் சாப்பிடாம போயிடுவா. எல்லாரும் ஒரே வரிசை. அதான் சரி."

அவர் பயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் எனக்கும் பங்கு இருந்தது, என் சம்மதம் இல்லாமலே. ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது, மாமனாரின் தம்பி, அதாவது என் கணவரின் சித்தப்பா, "அங்கவஸ்திரத்தைச் சரிபண்ணிண்டு வந்துடறேண்ணா" என்று சொல்லியிருக்கிறார். மாமனார் காதில் அது சரியாக விழவில்லை. "போறும், எடு" என்று போட்டோகிராபரிடம் சொல்லிவிட்டார். ஆல்பம் வந்தபோது படத்தின் வலது ஓரத்தில் சித்தப்பாவின் ஒரு காதும், மூக்குக்கண்ணாடியில் கால்வாசியும் இருந்தன. மற்றபடி அவர் இல்லை. வேண்டுமென்றே செய்தது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

சித்தப்பா வீடு எங்களுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே பொதுச்சுவர். அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் மாமனார் முகத்தைச் சுளிப்பார். சித்தியும் என் மாமியாரும் இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. கொல்லைப்புறமாகக் குழம்பும் கூட்டும் போய்வந்துகொண்டிருந்தன.

சாந்தி நல்லபடியாக முடிந்தது. சித்தப்பாவும் வந்திருந்தார். அண்ணாவை நமஸ்கரித்தார், ஆனால் பேசவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, மூன்று பாயசத்தோடு சாப்பிட்டுக் கண் சொக்கிக்கொண்டிருந்த கூட்டத்தை மாமனார் வாசலுக்குக் கொண்டுவந்தார். கையில் பட்டியல். குழந்தைகள் கீழே உட்கார, பெரியவர்கள் நாலு வீட்டு நீளத்துக்கு ஒரே வரிசையாக நின்றார்கள். எண்ணிப் பார்த்தால் அறுபத்து மூன்று பேர். நாயன்மார் கணக்கு என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். மாமனாரும் மாமியாரும் நட்டநடுவில். சித்தப்பாவும் சித்தியும் வலதுகோடியில், தங்கள் வீட்டு எல்லையை ஒட்டி. அண்ணாவிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி.

எதிர்வரிசை வீட்டை ஒட்டி முக்காலியில் கேமராவை வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னேன். "இடது பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு ஏழு படம் எடுக்கப் போறேன். ஏழாவது முடியற வரைக்கும் யாரும் அசையப்டாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கேமராவின் சின்னத் திரைக்குள் தலையைக் கவிழ்த்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி ஏழையும் எடுத்து முடித்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கைதட்டினார்கள். மறுநாள் காலையில் பாதிப் பேர் ரயிலேறிவிட்டார்கள். அதற்கும் மறுநாள் பாக்கிப் பேரும்.

அதற்குப் பிறகுதான் ஏழு படங்களையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன்.

முதல் படத்தில் இடதுகோடியில் பம்பாய் அத்தை நின்றாள். என் மாமனாரின் அக்கா. நாலாவது படத்தில், மாமனாருக்குப் பின்னால் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு அதே அத்தை. ஏழாவது படத்தில் வலதுகோடியில், லேசாக மூச்சு வாங்கியபடி, மறுபடியும் அத்தை.

என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஆமா, ஓடிண்டிருந்தா. நான் பாத்தேன்" என்றார்.

"பாத்தேளா? சொல்றதுக்கென்ன?"

"அசையப்டாதுன்னு நீதானே சொன்னே."

பம்பாய்க்குப் போன் போட்டுக் கேட்டோம். "ஏழு படம் எடுக்கறேன்னு சொன்னாளே. ஒண்ணுலயாவது நன்னா விழட்டுமேன்னு போய்ப் போய் நின்னேன்" என்றாள் அத்தை. அவள் பேரில் தப்பே சொல்ல முடியாது. ஏழும் சேர்ந்து ஒரு படம் என்று நான் சொல்லவில்லைதானே.

அத்தை மூன்று பேராக இருப்பதைக்கூடச் சமாளித்துவிடலாம். பெரிய சிக்கல் வலதுகோடியில் இருந்தது. ஆறாவது படத்தில் சித்தப்பா சித்திக்கு இடது பக்கம் நிற்கிறார். ஏழாவதில் வலது பக்கம் நிற்கிறார். பிறகு விசாரித்ததில் தெரிந்தது, நடுவில் சித்தி, "கோலத்தை மிதிச்சிண்டு நிக்கறேள்" என்று சொல்லி, அவர் மரியாதையாக இடம் மாறியிருக்கிறார்.

கேமராவோடு வந்த மென்பொருளில் ஏழையும் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். நீலக்கோடு ஊர்ந்து ஊர்ந்து முக்கால் மணி நேரத்தில் படம் வந்தது. ஒட்டு பிரமாதம். ஓடு ஓட்டோடு, தூண் தூணோடு சேர்ந்திருந்தது. சித்தப்பாதான் இல்லை. ஆறாவது படத்தில் அவர் நின்ற இடத்துக்கு ஏழாவதிலிருந்து வெறும் சுவரையும், ஏழாவதில் நின்ற இடத்துக்கு ஆறாவதிலிருந்து வெறும் சுவரையும் எடுத்து ஒட்டியிருந்தது அந்த மென்பொருள். ஆளை அவ்வளவு சுத்தமாகத் துடைத்த அது, பாதங்களை மட்டும் விட்டுவிட்டது. சித்தியின் புடவைக் கரைக்குக் கீழே நான்கு பாதங்கள் தெரிந்தன.

என் கணவர் குனிந்து பார்த்துவிட்டு, "போன தடவை காதாவது மிஞ்சித்து" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது சித்தப்பா கண்ணில் பட்டால் பேச்சுவார்த்தை இல்லாதது போதாமல் சித்தியின் குழம்பும் நின்றுவிடும்.

வேறு மென்பொருள் தேட ஆரம்பித்தேன். மாதாமாதம் வரும் கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக ஒரு சி.டி. தருவார்கள். அதில் முப்பது நாள் மட்டும் வேலை செய்யும் ஒன்று கிடைத்தது. அது ஓரவஞ்சனை இல்லாமல் சித்தியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சித்தப்பாவை நிறுத்தியது. ஆனால் தெருவை வில்லாக வளைத்துவிட்டது. நடுவில் மாமனார் தேர்மேல் இருக்கிற சுவாமி மாதிரி பெரிதாக நிற்க, இரண்டு கோடியும் தேய்ந்து, சித்தப்பாக்கள் இருவரும் கட்டைவிரல் உயரத்துக்கு இருந்தார்கள். அது போதாதென்று, காசு கொடுத்து வாங்காததால், மென்பொருள் தன் பெயரை எல்லோர் நெற்றிக்கும் குறுக்கே பட்டையாக இட்டிருந்தது.

மூன்றாவது, பயிற்சி நிலையத்தில் கூட வேலை பார்த்தவர் கொடுத்தது. தொழில்முறைக்காரர்கள் உபயோகிப்பதாம். ஜாதகம் கணிக்கிற மாதிரி கேமராவின் லென்ஸைப் பற்றி ஏகப்பட்ட கேள்வி கேட்டது. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததற்கு உத்தேசமாகப் போட்டேன். தெரு நேராக வந்தது. ஆனால் கோடியில் இருந்தவர்கள் எல்லாம் பக்கவாட்டில் இழுபட்டுப் பூசணிக்காயாகிவிட்டார்கள். இடதுகோடியில் நின்ற கோயம்புத்தூர் மன்னியைப் பார்த்து என் மாமியார், "பாவம், இத்தனை குண்டில்லையே அவ" என்று வருத்தத்தோடு சொன்னார். பிறகு இன்னொரு தடவை காட்டச் சொன்னார். வலதுகோடியில் சித்தப்பா இரண்டு பக்கமும் இருந்தார், ஆனால் இரண்டும் அரைகுறையாக. அவர் உடம்புக்குள்ளே பின்னாலிருந்த ஜன்னல் கம்பி தெரிந்தது. சினிமாவில் செத்துப்போனவர்கள் வருவார்களே, அப்படி.

"ஐயோ, அபசகுனம். மூடு, மூடு" என்று மாமியார் திரையைக் கையால் மறைத்தார்.

ஆக, சித்தப்பா இல்லாத படம், இரண்டு சித்தப்பா உள்ள படம், ஆவியாக வந்த படம். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? நான் மாமனாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகு முதல்தடவையாக அவர் முகத்தில் ஆபீஸ் களை வந்தது. "இப்படி வாயால சொன்னா ஆகாது. ஃபைல் போடணும்" என்றார்.

நிஜமாகவே போட்டார். பழைய அட்டை, நாடா, மார்ஜினுக்கு மடித்த தாள். மூன்று மென்பொருளையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு ஒப்புநோக்குப் பட்டியல் தயாரித்தார். ஒட்டின் தரம், தெருவின் வளைவு, தலை எண்ணிக்கை, உருவச் சேதம் என்று தனித்தனிப் பத்தி. முதலாவதில் தலை அறுபத்து நான்கு என்று எழுதியிருந்தார். அத்தை இரண்டு கூட, சித்தப்பா ஒன்று குறைவு. இரண்டாவதில் அறுபத்து ஆறு. மூன்றாவதில் எண்ணிக்கைக்கு நேராக "தீர்மானிக்க இயலவில்லை" என்று குறித்திருந்தார்.

ஒரு மத்தியானம் என்னையும் என் கணவரையும் உட்கார வைத்து அதைப் படித்துக் காட்டினார். அவருக்குக் காது மந்தம். அதனால் குரலும் உயரம். "முதல் மென்பொருள்! தெளிவு, நன்று! ஒட்டு, மிக நன்று! குறை, தம்பி காணோம்! பாதங்கள் மாத்திரம் உள்ளன! மொத்தத்தில் இதுவே சிலாக்கியம் என்று தோன்றுகிறது!"

சுவருக்கு அந்தப் பக்கம் ஊஞ்சல் சத்தம் சட்டென்று நின்றது.

நான் மாமனாரின் கையைப் பிடித்தேன். அவர் புரியாமல் இன்னும் உரக்க, "தம்பி காணோம்னேன்!" என்றார்.

அரை நிமிஷம் கழித்து எங்கள் வாசற்படியில் செருப்பு விடும் சத்தம் கேட்டது. சித்தப்பா உள்ளே வந்தார். ஆறு வருஷத்தில் முதல்தடவையாக, விசேஷம் எதுவும் இல்லாமல். வேஷ்டியை மடித்துக் கட்டியிருந்தார். அண்ணாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எவிடே அந்தப் படம்? காட்டு."

கம்ப்யூட்டரைப் போட்டு, முதல் மென்பொருள் ஒட்டிய படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் குனிந்து பார்த்தார். வலதுகோடியைப் பார்த்தார். நாலு பாதங்களைப் பார்த்தார்.

"இதுல எது என் கால்?" என்று கேட்டார்.

"வெளிப் பக்கத்துது ரெண்டும், சித்தப்பா."

"அடுத்தது?"

இரண்டாவதைக் காட்டினேன். இரண்டு பக்கமும் தான் நிற்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. கோபமா, வேறேதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாவதைக் காட்டவே விடவில்லை. "அது வேண்டாம். அபசகுனம்னு சுவர் வழியாக் கேட்டாச்சு" என்றார். பிறகு இரண்டாவது படத்தை மறுபடி போடச் சொல்லி, விரலை வைத்து ஒரு கோடியிலிருந்து ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு வந்தார். அறுபத்து ஆறு வந்ததும் திரும்பினார்.

"நீ எங்கே?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"நீ எங்கேன்னு கேக்கறேன். இதுல நீ இல்லையே."

"நான்தானே சித்தப்பா எடுத்தேன்."

"எடுத்தவா படத்துல இருக்கப்டாதுன்னு சட்டமா? இத்தனை நாளா இத்தனை பேர் பாத்தேளே, ஒருத்தருக்காவது தோணித்தா?" இப்போது நேராக என் மாமனாரைப் பார்த்துக் கேட்டார். "தலை எண்ணிக்கைன்னு ஒரு பத்தியே போட்டேளே அண்ணா. ஆத்து மாட்டுப்பொண்ணை எண்ணலையே?"

மாமனார் பட்டியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "விட்டுப் போச்சு" என்றார். அந்த இரண்டு சொல்லையும் அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. நான் இல்லை என்பது எனக்கே அதுவரை உறைக்கவில்லை. படத்திலிருந்து விட்டுப்போவதன் வலி தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் சித்தப்பாதான் போலிருக்கிறது.

"அழறதுக்கு ஒண்ணுமில்லே. எட்டாவதா ஒரு படம் எடு. எங்காத்து வாசல்ல நின்னுக்கோ. அந்த ஓரத்துல சேர்த்து ஒட்டு" என்றார் சித்தப்பா, பால் பாக்கெட் வாங்கச் சொல்கிற மாதிரி.

அடுத்த நாள் நாலு மணிக்கு, வெயில் அன்றைக்குப் போலவே விழும் நேரம் பார்த்து, சாந்தியன்று கட்டிய அதே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டு வாசலில் தன்னந்தனியாக நின்றேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். என் கணவர் முக்காலியை அதே இடத்தில் வைத்து எடுத்தார். முதல் நாலு படத்தில் என் தலை இல்லை. ஐந்தாவதில் வந்தது.

எட்டாவதை மூன்று மென்பொருளும் ஏற்க மறுத்தன. ஒன்று, படங்கள் ஒத்துப்போகவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. இன்னொன்று என்னைக் கொண்டுபோய்க் கோயம்புத்தூர் மன்னியின் தலைமேல் உட்கார வைத்தது. அப்போதுதான் நாலாவது ஒன்றைப் பற்றி இன்டர்நெட்டில் படித்தேன். வெளிநாட்டில் ஒரு பேராசிரியர் எழுதி இலவசமாகவே விட்டிருந்தாராம். வீட்டு டெலிபோன் வழியாக இறக்கப் பார்த்தேன். பாதியில் யாராவது மாமியாருக்குப் போன் செய்து அறுத்துவிட்டார்கள். கடைசியில் பயிற்சி நிலையத்தில் இறக்கிக்கொண்டு வந்தேன். அதில் எல்லாவற்றையும் செய்து முடிக்கிற பொத்தான் கிடையாது. இந்தப் படத்தில் இருக்கிற ஒரு புள்ளி அடுத்த படத்தில் எங்கே இருக்கிறது என்று நாமே ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட வேண்டும். ஒரு ஒட்டுக்குப் பத்துப் புள்ளியாவது வேண்டும். எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்பதும் நம் இஷ்டம். தப்பாகக் காட்டினால் வீடே சாயும்.

புள்ளி காட்டும் வேலைக்கு அண்ணனும் தம்பியும் எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முதல் நாள் இருவரும் என் வழியாகவே பேசினார்கள்.

"அந்த ஜன்னல்ல மூணாவது கம்பி. அவன்கிட்ட கேளு, அடுத்த படத்துல அது எதுன்னு."

"அது மூணாவது இல்லை, நாலாவதுன்னு சொல்லு. எங்காத்து ஜன்னல் எனக்குத் தெரியாதா?"

"அவனாத்து ஜன்னல் இல்லைன்னு சொல்லு. பொதுச்சுவர் தாண்டித்தானே அவனாத்து ஜன்னல் ஆரம்பிக்கறது."

மாமனார் சொன்னபடி மூன்றாவது கம்பியைத் தொட்டேன். சித்தப்பா வீடு சட்டென்று அத்தனை பேர் மேலும் சாய்ந்தது.

"பாத்தேளா! ஒண்ணு சொன்னா கேக்க மாட்டேளே அண்ணா, அம்பது வருஷமா இதே கதைதான்!"

"சரிடா, நாலாவதே வெச்சுக்கோ. பட்சே அந்தத் தூண் வளையத்தை நான் சொல்றபடிதான் வெக்கணும்."

என்னைத் தாண்டி நேராகப் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. நடுவில் மாமியார் மூன்று தம்ளர் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொல்லைப்புறமாகச் சித்தியிடம் ஓடினார்.

ஒரு வாரம் தினமும் சாயங்காலம் இந்தக் கச்சேரி நடந்தது. ஒட்டு கூடி வந்தது. கடைசியாக ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் எங்கே வெட்டுவது என்று கேட்டேன். "இப்ப ஒரே ஒரு சித்தப்பா வர மாதிரி வெட்டிடலாம். எந்தப் பக்கத்து ஆளை வெச்சுக்கலாம்?"

"எதுக்கு வெட்டணும்?" என்றார் சித்தப்பா. "ரெண்டும் இருக்கட்டும்."

"சித்தப்பா, பாக்கறவா சிரிப்பா."

"சிரிக்கட்டுமே, சாரமில்லே, அதனால என்ன. போன தடவை ஒண்ணுமில்லாம போச்சு. அதுக்கும் இதுக்குமா ரெண்டு."

மாமனார் ஃபைலைத் திறந்து, "அங்கீகரிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு ஓரத்தில் நான், எனக்குப் பக்கத்தில் மூன்றாவது அத்தை, அப்புறம் சித்தப்பா, சித்தி, சித்தப்பா. மொத்தம் அறுபத்து ஏழு தலை.

அச்சுப் போடுவது அடுத்த பாடு. கலர் லேபில், அவ்வளவு நீளத் தாள் கிடையாது என்றார்கள். மூன்று துண்டாக வெட்டித் தரட்டுமா என்று கேட்டார் கடைக்காரர். நான் இறங்கி வந்துவிட்டேன். தம்பானூரில் கட்சிக் கூட்டங்களுக்கு பிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை ஒன்று புதிதாக வந்திருந்தது. பத்தடி வேண்டுமானாலும் ஒரே துண்டாக அடிப்பார்கள். கடைக்காரர் திரையில் படத்தைப் பார்த்துவிட்டு மரியாதையோடு கேட்டார்.

"சேச்சி, இது ஏது யூணியன்?"

"யூனியன் இல்லை. எங்க குடும்பம்."

"இத்ரயும் பேரா!" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் சுருட்டிக் கட்டிய பிளெக்ஸை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தோம். கூடத்தில் விரித்தோம். அண்ணன், தம்பி, மாமியார், சித்தி எல்லோரும் சுற்றி நின்றார்கள். படம் அருமையாக வந்திருந்தது. அதன் அடியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, சிவப்பு மலையாள எழுத்தில் 'அபிவாத்யங்கள்' என்று அச்சாகியிருந்தது. கட்சி மாநாட்டுக்கு வருகிற தலைவர்களை வாழ்த்தி எழுதுவார்களே, அதே சொல், அதே எழுத்து. கடைக்குப் போன் செய்தேன். "அடியில காலியா கிடந்தது சேச்சி. ஒரு பங்கிக்குப் போட்டதாணு" என்றார். அழகுக்காகப் போட்டாராம். காசு எதுவும் கூட வாங்கவில்லை என்றும் சொன்னார்.

மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு சிவப்பு எழுத்தை இரண்டு தடவை படித்தார். "இது ஃபைல்ல இல்லையே" என்றார்.

"வாழ்த்துதானேண்ணா. இருந்துட்டுப் போகட்டும்" என்றார் சித்தப்பா.

மாமியார் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "ஈரத்துணியால தொடச்சா போறுமே. கண்ணாடி, சட்டம் ஒண்ணும் வேண்டாம்" என்றார். விஷயம் அத்தோடு தீர்மானமாகிவிட்டது.

கூடத்தின் நீளச்சுவரில் ஆணியடித்து மாட்டினோம். இரண்டு வாரம் கழித்துக் கரண்ட் மீட்டர் பார்க்கிறவர் வந்தார். மீட்டரைக் குறித்துக்கொண்டு திரும்பியவர் பேனரைப் பார்த்து அப்படியே நின்றார். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து பார்த்தார். சித்தப்பாக்கள் இருந்த இடத்தில் கொஞ்சம் தயங்கினார். பிறகு என் மாமியாரிடம் மிகவும் பணிவாகக் கேட்டார்.

"அம்மா, சம்மேளனம் என்னைக்கு?"

மாமியார் அரிவாள்மணையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது போன மாசமே முடிஞ்சு போச்சு" என்றார்.